என் பக்கத்து பிரேக்

ஆய்வகத்தில் என் தங்கைக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கடிகாரம். காலை ஆறு நாற்பதுக்கு வேனை எடுப்பாள். பதினொரு சின்ன மருத்துவமனைகளில் நின்று, ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டிகளில் வாங்கிக்கொண்டு, பத்தேகாலுக்கு ஆய்வகத்து வாசலில் வந்து நிற்பாள். ஒன்பது வருடமாக அதே வேன், அதே பாதை. அவள் வண்டி திருப்பத்தில் தெரிந்தால் வாசல் காவலாளி தன் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார் என்று அங்கே ஒரு கிண்டல் உண்டு. அவளிடமே அதைச் சொன்னால் சிரிக்க மாட்டாள். "நேத்து பத்து பதினாலு. ஒரு நிமிஷம் சீக்கிரம்" என்று திருத்துவாள்.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் மூவாயிரம் பேரையாவது சாலையில் இறக்கிவிட்டிருப்பேன். என் வாய் கொஞ்சம் நீளம். "கிளட்சை மெதுவா விடச் சொன்னா, பிடிக்காத சொந்தக்காரன் கையை உதறுற மாதிரி விடுறீங்களே" என்று பெரிய அதிகாரிகளையே கேட்டிருக்கிறேன். பயந்துபோய் வருகிறவர்களுக்கு நான் சொல்கிற ஆறுதல் ஒன்றுதான்: தலை மறக்கும், கால் மறக்காது. கட்டணப் பலகைக்குக் கீழே அதை எழுதியும் வைத்திருந்தேன்.

என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் என் தங்கை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. இருபது வயதில் வந்து உட்கார்ந்தாள். எந்த வேகத்தில் எந்த கியர், எத்தனை அடிக்கு முன்னால் பிரேக் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்பதாவது நாள் எனக்கு வேலையே இல்லை. சாலையில் எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் எந்த விதியில் பேசுவது என்று தெரியாமல் அறைக்குள் போய்விடுகிற பெண், சாலையில் ராணி மாதிரி போவாள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தது. பெரிய பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தபோது பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண், ஒரு பக்கத்தைப் படிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். அம்மா பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவளை வீட்டில் வைத்துக்கொண்டாள். ஒட்டிக்கொள்கிற நோய் என்று பயந்து ஆறு மாதம் ஒருவரும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் திரையை மூடிக்கொண்டு, பழைய பேருந்து கால அட்டவணைகளை வரிசைப்படுத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு பேச்சு வந்தது, பொத்தான் வந்தது, அடுத்த வருடம் பரீட்சையும் எழுதினாள். போனது எல்லாம் வந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அம்மா போன பிறகு என் வீட்டிலேயே பின்னறையில் தங்கிக்கொண்டாள். என் மனைவியும் அவளும் வாரக்கணக்கில் நாலு வார்த்தை பேசாமல் ஒற்றுமையாக இருப்பார்கள். பேசுகிற பாவத்தை எல்லாம் நான் ஒருத்தனே செய்துகொண்டிருந்தேன்.

போன வருடம் ஆய்வகம் வேறு ஆட்கள் கைக்குப் போனது. தினம் காலையில் போனில் புதுப் பாதை வரும். ஒவ்வொரு இடத்திலும் போன் செய்து 'வந்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார ஒரு உதவியாளர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ரேடியோவை நிறுத்த மாட்டார், ரேடியோவோடு சேர்ந்து பேசவும் செய்வார். தங்கை ஒரு குறையும் சொல்லவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கப் பழகினாள். 'எப்படிப் போச்சு நாள்?' என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை எழுதி மனப்பாடம் செய்தாள். இது எனக்குத் தெரியும், அந்தத் தாளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பரவாயில்லையே, பெண் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். என்னை எதால் அடிப்பது?

முதலில் டீ போனது. ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்ன பாப்பா, அடுப்பு தானா பத்திக்கும்னு பாக்குறியா?" என்றேன்.

அவள் திரும்பி, "தண்ணி முதல்லயா, தூள் முதல்லயா?" என்று கேட்டாள்.

விளையாடுகிறாள் என்று நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அவளை உட்கார வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. போனில் பேச முடியவில்லை. ஷூ கயிறு கட்ட வரவில்லை. குழாய்த் தண்ணீர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். வேலை மட்டும் நின்றபாடில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, நாலு சாலை கூடுகிற இடத்தில், பச்சை விளக்கு விழுந்து அணைந்து மறுபடி விழுந்தது. வேன் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள். உதவியாளர் பயந்து இறங்கிவிட்டார். என் தங்கை எஞ்சினை அணைத்தாள், எச்சரிக்கை விளக்கைப் போட்டாள், ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். 'பின்னால் ஏழு பெட்டி இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.' பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் போய்ச் சேரும்போதும் அப்படியேதான் இருந்தாள்.

ஆய்வக மேலாளர் மோசமானவர் இல்லை. இரண்டு மாதம் விடுப்பு கொடுத்தார். "அதுக்குள்ள சரியாயிடணும் சார். ஓட்டத் தகுதியா இருக்காங்கன்னு ஒரு கடிதம் வேணும். வேற யாரும் வேண்டாம், உங்க ஸ்கூல் லெட்டர்ஹெட்லயே குடுங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அந்த வேன் இல்லாமல் அவள் என்ன ஆவாள்? அந்த வேலை ஒன்றில்தான் உலகம் அவளைக் குறை சொல்லாமல் இருந்தது.

தெருமுனை டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். நான் எனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தேன். தினம் காலை ஏழு மணிக்கு என் பயிற்சிக் காரில் அவளை உட்கார வைத்தேன். அந்தக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நாங்கள் மிதிப்போம்.

முதல் நாள் தடதடவென்று அணைந்தது. ஒரு வாரத்தில் ஓடத் தொடங்கியது. மூன்றாவது வாரம் சிக்னலில் பூப்போல நின்றது, பூப்போலக் கிளம்பியது. அவள் ஸ்டியரிங்கையும் கியரையும் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டாள். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினாள். முன்பு ஒன்றிரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவள், அந்த மூன்று வாரத்தில் அதையும் விட்டுத் தாளில் எழுதத் தொடங்கினாள்.

"கொஞ்ச நாள் விடுங்களேன். அவ முகத்தைப் பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி.

"நீ அடுப்படியைப் பாரு. இது என் தொழில்" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

ஒரு நாள் காரில் ஏறும்போது தங்கை ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். 'என் கால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.' நான் படித்துவிட்டு, "அதெல்லாம் தெரியவே கூடாது பாப்பா, அதுதான் நல்ல டிரைவருக்கு அடையாளம்" என்று தட்டிக்கொடுத்தேன். வாரக் கடைசியில் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'முழுத் தகுதியுடன் இருக்கிறார்.' காவலாளி உட்பட எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் இறக்கமான சாலையில் போய்க்கொண்டிருந்தோம். கீழே சிவப்பு விளக்கு, அதற்கு முன்னால் ஒரு பள்ளிப் பேருந்து நின்றிருந்தது. என் போன் மடியிலிருந்து நழுவி இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தது. காலை மடக்கிக்கொண்டு குனிந்து துழாவினேன். இரண்டு நொடியோ மூன்று நொடியோ. வண்டி வேகம் குறையாதது உடம்புக்குத்தான் முதலில் தெரிந்தது. நிமிர்ந்தபோது பேருந்தின் பின்பக்கம் கண்ணாடி முழுக்க நின்றது. என் பிரேக்கை ஏறி மிதித்தேன். ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது. பேருந்தின் பின்சீட்டுப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிக் கையசைத்தார்கள்.

வண்டியை ஓரம் கட்டி, இடம் மாறி உட்கார்ந்தேன். கோபத்தில் கத்திவிட்டேன்.

"பிரேக் எங்க போச்சு? மூணு வாரமா அழகா மிதிச்சியே?"

அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். நெடுநேரம் கழித்து வார்த்தை வந்தது.

"நான் மிதிக்கலை அண்ணா. ஒரு நாளும். நீதான் மிதிச்ச."

அது உண்மை என்பது அந்த நொடியே எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்காக மிதித்த கால். என்னைக் கேட்காமலே கிளட்சை அழுத்தும், கேட்காமலே பிரேக்கை வைக்கும். வகுப்பு முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட மேஜைக்கடியில் மிதித்துக்கொண்டிருக்கும், என் மனைவி கேலி செய்வாள். மூன்று வாரமும் நானே ஓட்டி, நானே மெச்சி, நானே சான்றிதழும் கொடுத்திருக்கிறேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவமானம் தோன்றவில்லை. அவள் இந்தக் கடிதத்தோடு தனியாக வேனில் ஏறியிருந்தால் என்று மட்டுமே தோன்றியது. என் பக்கத்து பிரேக் இல்லாத வேன் அது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

அவள் தாளில் எழுதிச் சொல்லியிருந்தாள். நான்தான் தட்டிக்கொடுத்திருந்தேன்.

மனநல மருத்துவர் ஒருவரிடம் என் மனைவிதான் நேரம் வாங்கினாள். மூன்று முறை போனோம். சின்ன அறை, விளக்கைப் பாதி குறைத்து வைத்திருந்தார் அந்த அம்மாள். என் தங்கையிடம் கேட்பார், தாளையும் பேனாவையும் நகர்த்துவார், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்றாவது முறைதான் எங்களுக்கு விளக்கினார்.

"உங்க தங்கச்சிக்கு ஆட்டிசம் இருக்கு. பிறந்ததுலேர்ந்தே. வெளிய தெரியாம சமாளிச்சுட்டே இருந்திருக்காங்க. எல்லாரையும் மாதிரி பேசணும், சிரிக்கணும், சத்தத்தைத் தாங்கணும்னு தினம் தினம் சக்தியைச் செலவு பண்ணிப் பண்ணி, ஒரு கட்டத்துல உள்ள ஒண்ணுமே இல்லாம தீந்துபோகும். அப்ப கைவசம் இருந்ததெல்லாம் கழண்டுபோகும். சோம்பேறித்தனம் இல்ல. பயிற்சி குடுத்தா வராது. இன்னும் போகும்."

கடைசி வார்த்தைகளை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்படிப் பார்க்காமல் சொன்னதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை, பதினாறு வயசுல" என்று நான் முந்திக்கொண்டேன். காமாலைப் பொய்யை, ஆறு மாதத்தை, பேருந்து அட்டவணைகளை எல்லாம் சொன்னேன். "ஆனா எல்லாம் திரும்பி வந்துடுச்சு டாக்டர்."

தங்கை இல்லை என்று தலையை ஆட்டினாள். தாளை எடுத்து ஒரு வார்த்தை எழுதினாள்.

நீச்சல்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினைந்து வயது வரை அவள் குளத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருவாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம் அவள் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. பெரியவளாகிவிட்டாள், கூச்சம், என்று நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. அந்தப் பக்கம் என் புத்தி போகவே இல்லை.

"திரும்பவே வரலையா?" என்றேன்.

'பத்தொன்பது வயதில் தனியாகப் போய்ப் பார்த்தேன். கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. கிட்டத்தட்ட மூழ்கிவிட்டேன். ஏறி வந்துவிட்டேன்' என்று எழுதினாள். பிறகு இன்னொரு வரி. 'யாரும் கேட்கவில்லை.'

டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தாளை மெதுவாக அவள் பக்கமே நகர்த்தினார். "அந்த ஆறு மாசம் யாரும் தொந்தரவு பண்ணாததுதான் இவங்களுக்கு மருந்தா இருந்திருக்கு. அப்பவும் எல்லாம் வரல. இப்ப எது வரும், எது வராதுன்னு என்னால சொல்ல முடியாது. வேலையை, ஆளுங்களை, சத்தத்தைக் குறைங்க. தேதி மட்டும் வெக்காதீங்க" என்றார்.

தேதி வைத்தாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை. என் கடிதம் மேலாளரின் கோப்பில் இருந்தது.

திங்கள் காலை தங்கை 'நானும் வருகிறேன்' என்று எழுதிக் காட்டினாள். பஸ்ஸில் போனோம். மேலாளர் அறையில் நான் உட்கார்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "நான் குடுத்த கடிதம் தப்பு சார். அவளால இப்ப ஓட்ட முடியாது. நான்தான் கவனிக்கல." இத்தனை வருடத்தில் இந்த வாயிலிருந்து வந்த மிகச் சின்னப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் கடிதத்தை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தங்கையைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம்மா. ஒரு குப்பி உடைஞ்சதில்ல. எனக்கே மனசு கேக்கல. இன்னும் ரெண்டு மாசம் மேலிடத்துல பேசி வாங்குறேன். அதுக்குள்ள சரியாயிடும்னு மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்குறேன்."

ஆயிடும் சார் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை சுலபம். ஒரு வார்த்தை, அவள் இடம் தப்பிக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அவள் வாய் திறக்காவிட்டால் நான் பேசுவதுதானே இத்தனை காலமும் வழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், உப்புக் கரித்தது. சுவர் ஓரத்தில் தண்ணீர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்தேன்.

தங்கை பேனாவை எடுக்கவில்லை.

"தெரியாது" என்றாள். குரல் கரகரத்தது. "சரியாகுமான்னு தெரியாது. எப்பன்னும் தெரியாது."

பிறகு பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மேலாளர் அதை உடனே எடுக்கவில்லை. வாசலில் காவலாளி எழுந்து நின்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்தவன் நான், அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அவள் பார்த்துத் தலையசைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பின்னறைக்குத் தடித்த திரை போட்டிருக்கிறோம். நான் வீட்டில் போனைக் கிணுகிணுக்க விடுவதில்லை. டீ நான்காவது மாதம் வந்தது, முதல் நாள் உப்பைப் போட்டுவிட்டாள், நாங்கள் மூவரும் குடித்தோம். ஷூ கயிறு வரவில்லை, கயிறில்லாத ஷூ வாங்கிவிட்டாள். போன் வரவில்லை. வண்டி வரவில்லை. வருமா என்று ஒருவரும் கேட்பதில்லை, நான் உட்பட. பலகையில் கட்டணத்துக்குக் கீழே இருந்த வரியை அழித்துவிட்டேன்.

பேச்சு பாதி வந்திருக்கிறது. போன வாரம் ஒரு மத்தியானம், நான் அவள் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறேன். அவள் கட்டிலில் இருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்கு மேலாளர் ரூம்ல நீ ஒண்ணும் சொல்லாம இருந்தியே. கஷ்டமா இருந்துச்சா?"

"உயிர் போயிடுச்சு பாப்பா" என்றேன். "வர்ற வார்த்தையை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கிட்டு, முகத்தையும் மாத்திக்காம உக்காந்திருக்கறது இருக்கே. உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. வீட்டுக்கு வந்து படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

அவள் கணக்குப் போடுவதுபோல் கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கு அப்படித்தான்" என்றாள். "காலைல எழுந்ததுலேர்ந்து. முப்பது வருஷமா."

குறை சொல்கிற குரலில் இல்லை. பத்து பதினாலு என்று நேரம் சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். நான் செய்தித்தாளைச் சத்தம் வராமல் மடித்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.